அசெம்பிளியைச் சொந்தமாகக் கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைக்குப் போய்க்கொண்டோ, கல்லூரியில் வேறு பாடம் படித்துக்கொண்டோ அசெம்பிளி கற்க முயல்பவர்களோடு சில ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். ஊர் வேறு, வயது வேறு, ஆனால் சந்தேகங்கள் அதேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இங்கே சொல்லும் பாடங்களும் கருவிகளும் இலவசம். பணம் கட்ட வேண்டிய ஒன்றிரண்டு இடங்களை அங்கேயே சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே கோட் எழுதி எங்கோ மாட்டிக்கொண்டவர்கள் நேராக 10-ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. அசெம்பிளியும் மெஷின் லாங்குவேஜும் ஒன்றுதானா?

ஒட்டிப் பிறந்தவை, ஆனால் ஒன்றல்ல. ப்ராசசருக்குப் புரிவது எண்கள் மட்டும். இன்டெல் வகை ப்ராசசரில் 144 என்ற பைட் வந்தால் 'ஒன்றும் செய்யாமல் அடுத்ததுக்குப் போ' என்று பொருள். 195 வந்தால் 'கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பு'. இப்படி எண்களாகவே எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் முதலாவதுக்கு நாப், இரண்டாவதுக்கு ரெட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்களில் எழுதுவது அசெம்பிளி. பெயரை எண்ணாக மாற்றித் தரும் மென்பொருள் அசெம்ப்ளர்.

ஒவ்வொரு ப்ராசசர் குடும்பத்துக்கும் எண்கள் வேறு, பெயர்களும் வேறு. அசெம்பிளி என்று ஒரே ஒரு மொழி கிடையாது. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தடுமாற்றங்களில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவைதான்.

2. பைத்தான் காலத்தில் இதைக் கற்று என்ன செய்யப் போகிறோம்?

மொபைல் ஆப்போ இணையதளமோ செய்ய இது வேண்டாம். சி போன்ற மொழியில் எழுதியதை ப்ராசசரின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எழுதுபவர்கள், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுபவர்கள், வைரஸை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கும் பாதுகாப்புத் துறையினர், சின்னஞ்சிறு மைக்ரோகன்ட்ரோலரில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு அன்றாடம் வேண்டும். வீடியோ துறையில் இன்றும் கையால் எழுதுகிறார்கள். ஏவி1 வகை வீடியோவைப் பிரித்துத் திரையில் காட்ட உதவும், வீடியோலேன் குழுவின் 'டேவிட்' என்ற மென்பொருளில் அசெம்பிளி பெரும்பங்கு வகிக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் குழு தங்கள் அசெம்பிளி எழுதும் முறையைப் பாடமாகவே, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் இலவசமாகப் போட்டிருக்கிறது.

வேலையை விடுங்கள். ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது உள்ளே என்ன நடக்கிறது, பாயின்டர் என்பது என்ன என்ற கேள்விகளுக்கு இங்கேதான் கண்ணால் பார்க்கும்படியான பதில் கிடைக்கிறது. பாயின்டரில் இரண்டு ஆண்டு தடுமாறியவர்கள் நான்கைந்து நாள் அசெம்பிளி எழுதியதும் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

3. எனக்குப் புரோகிராமிங்கே தெரியாது. நேராக அசெம்பிளியில் ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், சின்ன மெஷினாக எடுத்தால். 'ஈஸி 6502' என்ற இணையப் பாடம் அதற்குப் பொருத்தம். 6502 என்பது 1975-இல் வந்த 8 பிட் ப்ராசசர். ஆப்பிள் 2 கம்ப்யூட்டரை ஓட்டியது அதுதான். பிரவுசரிலேயே கோட் எழுதி ஓட்டலாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கடைசியில் ஒரு பாம்பு விளையாட்டின் கோடை வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

இன்னும் அடியிலிருந்து தொடங்க ஆசை என்றால் 'நேண்ட் டு டெட்ரிஸ்'. நோவாம் நிசான், ஷிமோன் ஷோக்கன் என்ற இரு பேராசிரியர்கள் உருவாக்கியது. நேண்ட் கேட் என்ற மிகச் சிறிய லாஜிக் சர்க்யூட்டிலிருந்து தொடங்கி, கூட்டல் சர்க்யூட், மெமரி, ப்ராசசர், அசெம்ப்ளர், கம்பைலர் என்று 12 ப்ராஜெக்டுகளில் ஒரு முழு 16 பிட் கம்ப்யூட்டரை நீங்களே கட்டுவீர்கள். நான்காவது ப்ராஜெக்டில் அசெம்பிளி எழுதுவீர்கள், ஆறாவதில் அசெம்ப்ளரையே எழுதுவீர்கள். இலவசப் பாடங்களில் நான் முதலில் கை காட்டுவது எப்போதும் இதைத்தான். ஒரே ஒரு விஷயம்: ஆறாவதிலிருந்து ஏதாவது ஒரு மொழியில் கோட் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்பின் முதல் சில வாரங்கள் போதும். வீடியோ, பயிற்சி எல்லாம் இலவசம். சி மொழியும் அங்கேயே கிடைத்துவிடும்.

4. இன்டெல்லா, ஆர்மா, ரிஸ்க்-ஃபைவா? எதை எடுப்பது?

உங்கள் மேசையில் இருப்பதை எடுங்கள். சாதாரண லேப்டாப் என்றால் 64 பிட் இன்டெல் வகை. ஏஎம்டி ப்ராசசரும் இதே மொழிதான் பேசும். புதிய மேக், ராஸ்பெர்ரி பை, ஆண்ட்ராய்டு போன் என்றால் ஆர்ம்.

படிக்க எளிது எது என்று மட்டும் பார்த்தால் ரிஸ்க்-ஃபைவ். ப்ராசசர் எந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற திறந்த வரையறை இது, 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் உரிமத்தொகை கட்டாமல் ப்ராசசர் செய்யலாம். சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசசர் இதன்படி செய்ததுதான். அடிப்படைக் கட்டளைகள் சுமார் நாற்பதுதான், ஒரே ஒழுங்கில் இருக்கும். 'வீனஸ்' என்ற சிமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும். 'ரைப்ஸ்' என்பதில் ஒரு கட்டளை ப்ராசசருக்குள் எந்த வழியாகப் போகிறது என்று படமாகவே பார்க்கலாம். எதை எடுத்தாலும் முதல் மூன்று மாதம் அதிலேயே நில்லுங்கள்.

5. லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான். முடியுமா?

முடியும். உங்கள் போனே ஒரு ஆர்ம் கம்ப்யூட்டர். எஃப்-டிராய்டு தளத்திலிருந்து 'டெர்மக்ஸ்' ஆப்பை இறக்குங்கள். அதற்குள் கிளாங், பின்யூட்டில்ஸ், ஜிடிபி மூன்றையும் இன்ஸ்டால் செய்தால் அசெம்ப்ளர், துண்டுகளை இணைத்து ஓடக்கூடிய புரோகிராமாக்கும் லிங்கர், கட்டளை கட்டளையாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கர் (அதுதான் ஜிடிபி) எல்லாம் வந்துவிடும். கோடை டெர்மக்ஸின் ஹோம் டைரக்டரியிலேயே வையுங்கள். போனின் பொது ஸ்டோரேஜில் வைத்த புரோகிராமை ஓட்ட ஆண்ட்ராய்டு அனுமதிக்காது. 'அனுமதி இல்லை' என்று வந்து நின்றுபோனவர்கள் பலர்.

இன்னொன்று முக்கியம். 64 பிட் ப்ராசசர் இருந்தும் 32 பிட் ஆண்ட்ராய்டு போட்டு விற்ற விலை குறைந்த போன்கள் உண்டு. டெர்மக்ஸில் 'யூநேம் -எம்' (uname -m) கட்டளை கொடுங்கள். ஏஆர்ச்64 என்று வந்தால் 64 பிட். ஆர்ம்வி7எல், ஆர்ம்வி8எல் என்று வந்தால் 32 பிட் பாடத்தைத்தான் தேட வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்வது சிஸ்டம் கால். 64 பிட்டில் திரையில் எழுதும் சிஸ்டம் கால் எண் 64, வெளியேறும் எண் 93. எக்ஸ்8 ரெஜிஸ்டரில் (ரெஜிஸ்டர் என்பது ப்ராசசருக்குள்ளேயே எண் வைக்கும் சிறு இடம்) இந்த எண்ணை வைத்து எஸ்விசி கட்டளை கொடுக்க வேண்டும். சின்னத் திரையில் டைப் செய்வது சிரமம்தான், ஒரு ப்ளூடூத் கீபோர்டு இரவல் கிடைத்தால் வேலை பாதியாகும்.

6. விண்டோஸ் வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டே ஆக வேண்டுமா?

லேப்டாப்பை அழிக்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி உண்டு. அதில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டால் போதும். நல்ல இலவசப் பாடங்களில் பெரும்பாலானவை லினக்ஸை வைத்து எழுதியவை என்பதால்தான் இதைச் சொல்கிறேன். டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பாக இருக்கட்டும். முதல் பதிப்பில் 32 பிட் புரோகிராம் ஓடாது.

7. இலவசப் புத்தகம் என்கிறீர்கள். திருட்டு பிடிஎஃப்தானே?

இல்லை. ஆசிரியர்களே இலவசமாகத் தந்தவற்றை மட்டும்தான் சொல்கிறேன். ஜோனதன் பார்ட்லெட்டின் 'புரோகிராமிங் ஃப்ரம் தி கிரவுண்ட் அப்' குனு ஆவண உரிமத்தில் வந்தது, நகல் எடுத்து நண்பருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. பால் கார்ட்டரின் 'பிசி அசெம்பிளி லாங்குவேஜ்' அவரே வெளியிட்ட இலவச நூல். இரண்டும் அருமையான நூல்கள், ஆனால் 32 பிட். ஏன் கவனம் வேண்டும் என்று 10-இல் பாருங்கள்.

64 பிட்டுக்கு 'ஓப்பன் செக்யூரிட்டி டிரெய்னிங் 2' தளத்தின் அசெம்பிளி வகுப்பும், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் நடத்தும் 'பௌன் காலேஜ்' தளமும் நல்லவை. இரண்டாவதில் பிரவுசருக்குள்ளேயே லினக்ஸ் கிடைக்கும். கணக்கு கணக்காகப் போட வைத்து, சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடும். ஐஐடி டெல்லியின் ஸ்ம்ருதி சாரங்கி எழுதிய 'பேசிக் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்' நூலும் அவர் தளத்தில் இலவசம்.

8. எனக்கு ஆங்கிலம் சுமார். தமிழில் ஏதாவது?

அசெம்பிளிக்கென்றே தமிழில் முழுப் பாடம் எதையும் என்னால் இன்று கை காட்ட முடியவில்லை. எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம் அது. ஆனால் அடித்தளம் தமிழில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் இருநிலை எண்கள், பதினாறு நிலை எண்கள், 2-இன் நிரப்பி, லாஜிக் கேட்கள் எல்லாம் தமிழிலேயே உள்ளன, பிடிஎஃப் இலவசம். இலங்கையில் உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடமும் தமிழில் இருக்கிறது. அங்கே இருநிலையைத் துவிதம் என்பார்கள். லினக்ஸ் கட்டளைகள் பழக 'கணியம்' வெளியிட்ட தமிழ் மின்னூல்கள் உதவும், அவையும் இலவசம்.

இவற்றை முடித்துவிட்டு ஆங்கிலப் பாடத்துக்குப் போனால் பயம் போய்விடும். அசெம்பிளிப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்கள் நூறு இருந்தால் அதிகம். நோட்டில் தமிழ் விளக்கத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

9. காலேஜில் 8085, 8086 படித்தோம். அது வீணா?

வீணே இல்லை. இரண்டும் இன்டெல் ப்ராசசர்கள். 8085 வந்தது 1976-இல், 8086 வந்தது 1978-இல். இன்றைய லேப்டாப் ப்ராசசர் அந்த 8086-இன் நேர் வாரிசு. அன்றைய 16 பிட் ஏஎக்ஸ் ரெஜிஸ்டர் 1985-இல் 386 ப்ராசசரில் 32 பிட் இஏஎக்ஸ் ஆனது. 2003-இல் ஏஎம்டி அதை 64 பிட் ஆர்ஏஎக்ஸ் ஆக்கியது. மூவ், ஆட், கம்பேர், ஜம்ப் எல்லாம் நீங்கள் லேபில் எழுதியவைதான்.

மறந்தது ஞாபகம் வர, 8085-க்கு 'குனுசிம்8085' என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. 8086 லேப் புரோகிராம்கள் பழைய டாஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நம்பி எழுதியவை, 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது. 'டாஸ்பாக்ஸ்' இலவசம், அதற்குள் ஓட்டுங்கள்.

10. ஒரு பாடத்தில் 'இன்ட் 0x80' போடச் சொல்கிறார்கள், இன்னொன்றில் 'சிஸ்கால்'. எது சரி?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இரண்டும் லினக்ஸிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் கட்டளைகள்தான், இரண்டும் சரி. முதலாவது 32 பிட் லினக்ஸ், இரண்டாவது 64 பிட் லினக்ஸ். வாசல் மட்டும் அல்ல, எண்களும் மாறும். 32 பிட்டில் திரையில் எழுத 4, வெளியேற 1. 64 பிட்டில் எழுத 1, வெளியேற 60. விவரங்களை வைக்கும் ரெஜிஸ்டர்களும் வேறு. அங்கே இபிஎக்ஸ், இசிஎக்ஸ், இடிஎக்ஸ். இங்கே ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ்.

பாதி அங்கேயும் பாதி இங்கேயும் எடுத்தால் என்ன ஆகும்? வெளியேறுவதற்கு 1 போட்டு சிஸ்கால் கொடுத்தால் லினக்ஸ் அதை 'எழுது' என்று எடுத்துக்கொள்ளும். புரோகிராம் நிற்காது. உங்கள் கோட் முடிந்த பிறகு மெமரியில் இருக்கும் குப்பையைக் கட்டளையாக நினைத்து ஓடி செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) வாங்கும். கோடில் தப்பே இல்லையே என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னும் மோசமான வகை ஒன்று உண்டு. 64 பிட் புரோகிராமில் 'இன்ட் 0x80' போட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் முகவரியில் கீழ் 32 பிட்டை மட்டும் எடுக்கும். டேட்டா பகுதியில் இருக்கும் வாக்கியத்தின் முகவரி சிறியது, அதனால் சரியாக அச்சாகும். ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எழுதிவைக்கும் மெமரிப் பகுதி) இருக்கும் வாக்கியத்தின் முகவரி பெரியது, அதன் மேல்பாதி வெட்டுப்பட்டு, பிழைச் செய்திகூட இல்லாமல் திரை வெறுமையாக இருக்கும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள்: எந்த ப்ராசசர், எத்தனை பிட், எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம். மூன்றும் உங்களுடையதோடு பொருந்தினால் மட்டும் மேலே படியுங்கள்.

11. மூவ் கட்டளையில் சிலர் இடமிருந்து வலம் போகிறார்கள், சிலர் வலமிருந்து இடம். ஏன்?

இன்டெல் ப்ராசசருக்கு இரண்டு எழுத்து முறைகள் உண்டு. இன்டெல் முறையில் போய்ச்சேரும் இடம் முதலில், எடுக்கும் இடம் பிறகு. ஏடி அண்ட் டி முறையில் தலைகீழ். ரெஜிஸ்டர் பெயருக்கு முன் % குறியும் எண்ணுக்கு முன் $ குறியும் இருந்தால் அது ஏடி அண்ட் டி. நாஸ்ம் அசெம்ப்ளர் இன்டெல் முறை. குனு அசெம்ப்ளரும் ஜிடிபியும் சொல்லாவிட்டால் ஏடி அண்ட் டி. ஜிடிபியின் அமைப்பில் ஒரே வரியில் இன்டெல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம், முதல் நாளே மாற்றிவிடுங்கள். 7-இல் சொன்ன பார்ட்லெட் நூல் ஏடி அண்ட் டி, கார்ட்டர் நூல் நாஸ்ம்.

12. பத்து முறை சுற்ற வேண்டிய லூப் நிற்கவே மாட்டேன் என்கிறது.

லூப்புக்குள் சிஸ்கால் இருக்கிறதா? அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. சிஸ்கால் கட்டளை ஓடும்போது திரும்பி வர வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும், ஃபிளாகுகளை (ப்ராசசரின் நிலையைக் காட்டும் பிட்கள்) ஆர்11-லும் ப்ராசசர் எழுதிவிடும். நீங்கள் ஆர்சிஎக்ஸில் வைத்திருந்த 10 அழிந்து, பல லட்சம் மதிப்புள்ள முகவரி வந்து உட்கார்ந்துவிட்டது. எண்ணிக்கையை ஆர்பிஎக்ஸிலோ ஆர்12-லோ வையுங்கள். வேறு ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் இவை கெடாமல் திரும்பி வர வேண்டும் என்பது லினக்ஸ் வழக்கம்.

13. சி மொழியின் பிரின்ட்எஃப்பைக் கூப்பிட்டால் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் விழுகிறது.

ஸ்டாக் முகவரி 16-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், கால் கட்டளைக்குச் சற்று முன்பு. மெயின் ஃபங்ஷனுக்குள் நுழையும்போதே திரும்பும் முகவரி 8 பைட் எடுத்துக்கொண்டிருக்கும். அதனால் தொடக்கத்தில் ஒரு புஷ் போட்டாலோ ஸ்டாக்கில் 8 கழித்தாலோ சரியாகிவிடும். பிரின்ட்எஃப்புக்குள் 16 பைட்டை ஒரே மூச்சில் நகர்த்தும் கட்டளைகள் உண்டு, அவற்றில் சில இந்த வகுபடுதலைக் கட்டாயம் எதிர்பார்க்கும். அந்த வழியாகப் போகாத நாளில் உங்கள் புரோகிராம் பிழைக்கும், போன நாளில் விழும். கூடவே 2.5 மாதிரி புள்ளி வைத்த எண் எதையும் அனுப்பாதபோது ஏஎல் ரெஜிஸ்டரில் 0 வையுங்கள்.

அப்புறம், விழாமலே எதுவும் அச்சாகவில்லை என்றால் நீங்கள் சிஸ்கால் 60 போட்டு வெளியேறியிருக்கலாம். பிரின்ட்எஃப் எழுத்துகளைச் சேர்த்து வைத்துத்தான் வெளியே தள்ளும். சி நூலகத்தின் எக்ஸிட்டைக் கூப்பிட்டால்தான் மிச்சம் வெளியே வரும்.

14. இதையெல்லாம் நானாக எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜிடிபி. முதல் புரோகிராம் எழுதிய அன்றே பழகுங்கள். 'லேஅவுட் ரெக்ஸ்' கொடுத்தால் மேலே ரெஜிஸ்டர்கள், கீழே கோட். 'ஸ்டெப்ஐ' கொடுத்தால் ஒரு கட்டளை மட்டும் ஓடும், மாறிய ரெஜிஸ்டர் பளிச்சென்று தெரியும். 12-இல் சொன்ன ஆர்சிஎக்ஸ் பிரச்சினை இரண்டே ஸ்டெப்பில் கண்ணில் பட்டுவிடும். கோடை வெறித்துப் பார்ப்பதைவிட ஒவ்வொரு அடிக்கும் 'அடுத்து எந்த ரெஜிஸ்டர் என்ன ஆகும்' என்று தாளில் எழுதிவிட்டு ஸ்டெப் கொடுங்கள். தாளும் திரையும் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் தப்பு.

15. கம்பைலர் தரும் அசெம்பிளி நான் எழுதுவது மாதிரி இல்லையே?

மேட் காட்போல்ட் 2012-இல் தொடங்கிய 'கம்பைலர் எக்ஸ்புளோரர்' தளத்துக்குப் போங்கள். இடப்பக்கம் சி எழுதினால் வலப்பக்கம் அசெம்பிளி வரும், எந்த வரிக்கு எது என்று நிறத்தில் காட்டும். கோடை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன் அளவை 0-இல் வைத்து ஒரு முறை, 2-இல் வைத்து ஒரு முறை பாருங்கள். 2-இல் வைத்தால், ரெஜிஸ்டரில் 0 வைக்க மூவ் போடாமல் அதை அதனோடே எக்ஸார் செய்யும் (எந்த எண்ணையும் அதனோடே எக்ஸார் செய்தால் 0). கட்டளை சிறியது, அதனால். 5-ஆல் பெருக்க, முகவரி கணக்கிடும் லீ கட்டளையைப் போடும். இரண்டு வரி ஃபங்ஷனாகப் போட்டுப் பார்த்தால் புரியும், பெரிய புரோகிராமை ஒட்டினால் மிரண்டுவிடுவீர்கள்.

16. இன்டெல் மேனுவலை முழுதாகப் படிக்கணுமா?

வேண்டாம். இலவசமாக இறக்கலாம், ஆனால் 5000 பக்கத்துக்கு மேல். முதல் தொகுதியில் ரெஜிஸ்டர்கள் பற்றிய அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். இரண்டாம் தொகுதி அகராதி மாதிரி, கட்டளை வரும்போது புரட்டினால் போதும்.

17. டிகிரி இல்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் முழுக்கவே இப்படிப் படிக்க முடியுமா?

முடியும், ஆனால் வரிசை வேண்டும். நான் சொல்லும் வரிசை: சிஎஸ்50, பிறகு நேண்ட் டு டெட்ரிஸ், பிறகு ஒரு ப்ராசசரின் அசெம்பிளி, அதன்பின் ஆப்பரேட்டிங் சிஸ்டம். கடைசியானதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அர்பாசி-டுஸ்ஸோ இணையர் எழுதிய 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' அத்தியாயம் அத்தியாயமாக இலவசம். எம்ஐடியின் 'எக்ஸ்வி6' என்ற குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அதோடு சேர்த்துப் படியுங்கள். அது ரிஸ்க்-ஃபைவில் ஓடுவது. அல்காரிதத்துக்கு எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரின் வீடியோக்கள். ஐஐடி கரக்பூரின் இந்திரனில் சென்குப்தா நடத்திய கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் வகுப்பு இணைய வகுப்புத் தளமான என்பிடெலில் இருக்கிறது, நம் ஊர் வகுப்பறை மாதிரியே நிதானமாகப் போகும். முழுப் பாடத்திட்டமாக ஒரே பட்டியல் வேண்டுமென்றால் கிட்ஹப்பில் 'ஓஎஸ்எஸ்யூ'.

18. சர்டிபிகேட் கிடைக்குமா?

என்பிடெலில் வகுப்பு இலவசம், தேர்வு மையத்துக்குப் போய் எழுதத்தான் கட்டணம். சிஎஸ்50 தன் தளத்தில் இலவசச் சான்றிதழே தருகிறது. நீங்கள் எழுதிய அசெம்ப்ளரை கிட்ஹப்பில் போட்டிருந்தால் நேர்முகத்தில் பேச அதுவே பெரிய விஷயம்.

19. ஏஐயிடம் கேட்டே கற்றுக்கொள்ளலாமா?

ஒரு வரிக்கு அர்த்தம் கேட்க நன்றாக உதவும். கோட் எழுதித் தரச் சொல்லும்போது 10, 11-இல் சொன்ன கலப்படம் அதிலும் வரலாம். கேள்வியிலேயே '64 பிட் லினக்ஸ், நாஸ்ம், இன்டெல் முறை' என்று எழுதுங்கள். வந்த கோடை ஜிடிபியில் ஸ்டெப் போட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

20. அடிப்படை முடிந்தது. அடுத்து என்ன?

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'பாம் லேப்' செய்யுங்கள். அந்த வகுப்பின் பாடநூல் விலைக்குத்தான், ஆனால் இந்தப் பயிற்சி தனியாகக் கற்பவர்களுக்கு இலவசம். சோர்ஸ் கோட் இல்லாத ஒரு புரோகிராம் தருவார்கள். ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல், தப்பாகக் கொடுத்தால் 'வெடிக்கும்'. ஜிடிபியை மட்டும் வைத்து ஆறையும் தாண்ட வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு வாரமாவது ஆகும், அந்த வாரத்தில் கற்பது ஒரு செமஸ்டருக்குச் சமம்.

அதன்பின் பெரியவர்கள் எழுதியதைப் படியுங்கள். எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 பதிப்புகளின் சோர்ஸை மைக்ரோசாஃப்ட் 2018-இல் கிட்ஹப்பில் போட்டது, 4.0 பதிப்பை 2024-இல் சேர்த்தது. 1.25 முழுக்க 8086 அசெம்பிளி. காலேஜில் படித்த அதே கட்டளைகளில் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டமே எழுதியிருக்கிறார்கள். நிலவுக்குப் போன அப்பல்லோ 11-இன் வழிகாட்டிக் கம்ப்யூட்டர் கோடும் அங்கேயே இருக்கிறது. அது வேறு ப்ராசசர், வேறு அசெம்பிளி, முதல் பக்கம் ஒன்றும் புரியாது. ஆனால் கமென்ட்களைப் பிடித்துக்கொண்டு போனால், எங்கே எண்ணுகிறார்கள், எங்கே கிளை பிரிகிறது என்று மெதுவாகத் தெரிய ஆரம்பிக்கும்.